குழவித் தலையும் அளவுகோலும்

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மையானது என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. கண், செவி, மூக்கு, நாக்கு என்னும் பொறிகள் குடியிருப்பதும், அவற்றை ஆளும் மூளை வீற்றிருப்பதும் தலையிலேதான். ஆதலின், மகவு பிறந்தவுடன் தாயின் பார்வை முதலில் நாடுவது அதன் முகத்தையும் தலையையுமே ஆகும். அத்தலை சிறிது நீண்டோ, ஒரு புறம் சப்பையாகவோ காணப்படின் தாயின் உள்ளம் துணுக்குறுகின்றது. வீட்டிலுள்ள முதியோர், "அஞ்சாதே, நாளடைவில் சரியாகிவிடும்" என்று தேற்றுவர். அவர்தம் கூற்றுப் பெரும்பாலும் மெய்யாகவே முடிகின்றது. ஆயினும், எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்துவதில்லை. தானே திருந்தும் தலை எது, மருத்துவர் கைபட்டுத் திருந்த வேண்டிய தலை எது என்று பகுத்தறிவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண மருத்துவம் கணிதத்தின் துணையை நாடிற்று. அவ்வரலாறு யாவரும் அறியத்தக்கது.

பிறந்த குழவியின் மண்டை, குயவன் வனைந்த குடம்போல ஒரே ஓடாக அமைந்ததன்று. நெற்றியில் இரண்டு, உச்சியின் இரு மருங்கிலும் இரண்டு, பிடரியில் ஒன்று, செவிப்புறங்களில் இரண்டு எனப் பல எலும்புத் தகடுகள் கூடி அமைந்த பேழை அது. அத்தகடுகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டாமல், நாரிழைகளால் பிணிக்கப்பட்டு நிற்கின்றன. தகடுகளின் விளிம்புகள் கூடும் இடத்தைப் பொருத்துவாய் எனலாம். நெற்றியின் நடுவே மேலிருந்து கீழாகச் செல்வது நெற்றிப் பொருத்துவாய். முடி சூடினாற்போலத் தலையின் குறுக்கே செல்வது முடிப் பொருத்துவாய். உச்சியில் முன்னிருந்து பின்னாகச் செல்வது உச்சிப் பொருத்துவாய். பின்தலையில் அமைந்தது பிடரிப் பொருத்துவாய். தகடுகள் பல சந்திக்கும் மூலைகளில் எலும்பு மூடாத மெல்லிய இடங்கள் உண்டு. அவற்றுள் முன்புறத்தே உள்ள பெரிய குழியையே தாய்மார் உச்சிக்குழி என்பர். அங்கே மெல்ல விரல் வைத்தால் துடிப்பை உணரலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அக்குழி ஓராண்டிற்கும் இரண்டாண்டிற்கும் இடையே மூடிக்கொள்கின்றது.

இயற்கை இங்ஙனம் மண்டையைப் பல துண்டுகளாக அமைத்ததற்குத் தக்க காரணங்கள் இரண்டு உள. பிறப்பு வழியின் நெருக்கத்திலே தகடுகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தலை குறுகி வெளிவர இடந்தருகின்றன. பிறந்த சில நாட்களில் அவை மீண்டும் தத்தம் இடத்தை அடைகின்றன. இது முதற் காரணம். மூளையின் விரைந்த வளர்ச்சி இரண்டாவது காரணம். பிறக்கும்போது ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலை, முதல் ஆண்டின் முடிவில் 45 அல்லது 46 சென்டிமீட்டரை எட்டிவிடுகின்றது. அதன் பின்னர் எவ்வாண்டிலும் தலை இத்துணை விரைவாக வளர்வதில்லை. வளரும் மூளை உள்ளிருந்து உந்த, தகடுகள் விலகிக் கொடுக்க, பொருத்துவாய்களின் ஓரங்களில் புதிய எலும்பு தோன்றிக்கொண்டே இருக்கும். நெற்றிப் பொருத்துவாய் முதல் ஆண்டிலேயே ஒட்டிவிடுவது இயல்பு. ஏனையவை ஆள் வளர்ந்து முற்றிய பின்னரே ஒட்டத் தொடங்கும்.

ஒட்டக்கூடாத பருவத்தில் ஒரு பொருத்துவாய் ஒட்டிவிட்டால் என்ன நேரும்? செர்மனி நாட்டு மருத்துவ அறிஞர் ருடால்ப் பிர்கோ என்பவர் 1851 ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விதி வகுத்தார். ஒட்டிய பொருத்துவாய்க்குக் குறுக்கான திசையில் மண்டையின் வளர்ச்சி தடைப்படும். அதற்கு இணையான திசையில் வளர்ச்சி மிகும் என்பதே அவ்விதியின் சாரம். உச்சிப் பொருத்துவாய் முன்னரே ஒட்டினால் தலை பக்கவாட்டில் விரிய இயலாது. ஆதலின் அது முன்னும் பின்னுமாக நீண்டு, கவிழ்த்த தோணிபோல் ஆகின்றது. நெற்றிப் பொருத்துவாய் பிறக்கும் முன்பே ஒட்டினால் நெற்றி கூர்மையாகி, மேலிருந்து நோக்குவார்க்கு முக்கோணம்போல் தோன்றும். முடிப் பொருத்துவாய் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அப்பக்கத்து நெற்றி பின்வாங்கி, முகமும் கோணும். இரு பக்கமும் ஒட்டினால் தலை குறுகிய நீளமும் மிகுந்த அகலமும் உடையதாகும். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழவிகளுக்கு ஒருவர் இக்குறையுடன் பிறக்கின்றனர். இவர்களுட் சிலருக்கு மூளை வளர இடம் போதாது மண்டையினுள் அழுத்தம் மிகக்கூடும். கண்பார்வைக்கும் ஊறு நேரக்கூடும். உரிய காலத்தில், பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே, அறுவை மருத்துவம் செய்வதால் இக்குறையைத் திருத்தலாம்.

தலையின் வடிவு பிறழ்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழந்தை எப்போதும் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துப் படுத்திருந்தால், இளம் எலும்பு அப்பக்கம் சப்பையாகும். இங்கே பொருத்துவாய்கள் அனைத்தும் செவ்வனே திறந்திருக்கின்றன. இவ்வகைக் கோணல் அண்மைக்காலத்தில் மிகுந்ததற்கு ஒரு வரலாறு உள்ளது. உறக்கத்திலேயே காரணம் விளங்காமல் குழந்தைகள் இறந்துபடும் கொடுமை மேலைநாடுகளில் பெற்றோரை வாட்டிவந்தது. குப்புறப் படுத்தலே அவ்விறப்பிற்கு ஏதுவாதல் கூடும் என்று ஆய்வாளர் கண்டனர். ஆகவே, குழந்தைகளை மல்லாத்தி உறங்கவைக்குமாறு இங்கிலாந்தில் 1991 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டிலும் பேரியக்கங்கள் தொடங்கப்பெற்றன. அவ்விறப்புகள் பாதியளவிற்குக் குறைந்தன. எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. ஆனால் பின்தலை சப்பையான குழந்தைகளின் தொகை பெருகியது. உயிர் காத்த பேருதவிக்கு இஃது ஒரு சிறு விலையே எனலாம். மல்லாத்தி உறங்கவைப்பதை இதன்பொருட்டுக் கைவிடுதல் தகாது. விழித்திருக்கும்போது பெரியோர் கண்காணிப்பில் சிறிது நேரம் குப்புறக் கிடத்தலும், தலை சாயும் பக்கத்தை அவ்வப்போது மாற்றுதலுமே இக்கோணலுக்கு ஏற்ற எளிய பரிகாரங்கள்.

ஒரு தலைக்கு அறுவை மருத்துவம் வேண்டும். மற்றொரு தலைக்குப் படுக்கையில் பக்கம் மாற்றுதலே போதும். இரண்டும் புறத்தோற்றத்தில் ஒத்திருப்பதே இடர்ப்பாடு. முன்னதைப் பின்னதென்று கருதிக் காலந்தாழ்த்தினால் மூளைக்குக் கேடு வரலாம். பின்னதை முன்னதென்று கருதினால் வேண்டாத கத்திக்குப் பச்சிளங்குழவி உட்படும். தேர்ந்த மருத்துவர் சில குறிகளால் இவற்றை வேறுபடுத்துவர். படுக்கையால் சப்பையான தலையை மேலிருந்து நோக்கின், அது சாய்ந்த நாற்கரம்போல் தோன்றும். சப்பையான பக்கத்துச் செவி முன்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். பிடரிப் பொருத்துவாய் ஒட்டியதால் சப்பையான தலையில் செவி பின்னோக்கியும் கீழாகவும் இழுக்கப்பட்டிருப்பதே பெரும்பான்மை. எனினும் கண் ஒன்றையே நம்புதல் சாலாது. காலையில் ஒருவர் பெரிது என்றதை மாலையில் வேறொருவர் சிறிது என்பார். சென்ற திங்கள் கண்ட கோணல் இத்திங்கள் குறைந்ததா, கூடியதா என்பதை நினைவு உறுதியாகச் சொல்லாது. அளவே உறுதியாகச் சொல்லும்.

அளத்தலுள் எளியது தலையின் சுற்றளவு. நீளாத நாடாவைப் புருவத்திற்குச் சற்று மேலாகவும் பின்தலையின் மிகப் புடைத்த இடத்தின் மீதாகவும் சுற்றி அதனை அறிகின்றனர். ஆயினும் நாடா பருமனை மட்டுமே கூறும், வடிவைக் கூறாது. ஒரு குழந்தையின் தலை 15 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்றும், மற்றொரு குழந்தையின் தலை 16.2 சென்டிமீட்டர் நீளமும் 10.5 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்றும் கொள்க. முட்டை வடிவெனக் கொண்டு கணக்கிட்டால் இவ்விரண்டின் சுற்றளவும் ஏறத்தாழ ஒன்றே. நாடாவின் பார்வையில் இரண்டும் ஒன்று. ஆனால் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால், முன்னதற்கு 80 என்றும் பின்னதற்கு ஏறத்தாழ 65 என்றும் விடை வரும். பின்னது தோணித் தலை என்பதை அவ்வெண்ணே அறிவித்துவிடுகின்றது. இவ்வெண்ணைத் தலைச் சுட்டெண் என்பர். சுவீடன் நாட்டு உடற்கூற்றறிஞர் ஆந்தர்சு ரெட்சியசு என்பவர் 1840களில் இதனை வழக்கிற்குக் கொணர்ந்தார்.

ஒருபுறம் கோணிய தலைக்கு வேறோர் அளவு தேவை. இரண்டு வளைந்த கால்களையுடைய காலிப்பர் என்னும் கருவியால், தலையின் இரு மூலைவிட்டங்களையும் அளப்பர். இரு பக்கமும் ஒத்த தலையில் அவை சமமாகும். ஒன்று 14 சென்டிமீட்டராகவும் மற்றொன்று 13 சென்டிமீட்டராகவும் இருந்தால், வேறுபாடு 1 சென்டிமீட்டர். அதனைப் பெரிய மூலைவிட்டத்தால் வகுத்தால் நூற்றுக்கு ஏழு என்னும் கோணல் வீதம் கிடைக்கும். திங்கள்தோறும் இதனைக் குறித்துவந்தால், கோணல் திருந்தும் போக்கினைத் தாயும் மருத்துவரும் ஒருங்கே காணலாம்.

அளவுகோல் நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும். ரெட்சியசு வகுத்த சுட்டெண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகாதவழியில் செலுத்தப்பட்டது. தலையின் வடிவைக் கொண்டு மக்களினங்களை உயர்ந்தவை தாழ்ந்தவை எனத் தரம் பிரிக்கலாம் என்று சிலர் செருக்குற்று எழுதினர். தலைவடிவு தலைமுறை தலைமுறையாக மாறாதது என்பது அவர்தம் கொள்கை. அமெரிக்க மானிடவியல் அறிஞர் பிரான்சு போவாசு அக்கொள்கையைச் சோதிக்கத் துணிந்தார். நியூயார்க்கில் குடியேறியவர்களும் அவர்தம் மக்களுமாக ஏறத்தாழ 18,000 பேரின் அளவுகளைத் திரட்டினார். அமெரிக்காவில் பிறந்த மக்களின் தலைச் சுட்டெண், அயல்நாட்டில் பிறந்தவர்களின் சுட்டெண்ணினின்றும் வேறுபட்டிருப்பதை 1912 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காட்டினார். மாற்றத்தின் அளவு பற்றிப் பிற்காலத்தார் வழக்கிட்டனரேனும், தலையை அளந்து மனிதனின் தகுதியை அளக்க முயன்ற கொள்கை அறிவுலகில் நிலைக்கவில்லை. ஒரு குழந்தையின் தலையை அளப்பது அதன் மூளைக்கு வளர இடம் உண்டா என்று அறிவதற்கே. அக்குழந்தையின் தகுதியை மதிப்பிடுவதற்கன்று.

அளந்து ஓர் எண்ணைப் பெற்றாயிற்று. அவ்வெண் இயல்பானதா, இயல்பு கடந்ததா என்பதை எங்ஙனம் துணிவது? இங்கேதான் புள்ளியியல் கைகொடுக்கின்றது. ஐந்து குழந்தைகளின் தலைச் சுற்றளவு முறையே 44, 45, 46, 47, 48 சென்டிமீட்டர் என்று கொள்க. இவற்றின் சராசரி 46. ஒவ்வொன்றும் சராசரியினின்று விலகிய அளவு 2, 1, 0, 1, 2. இவ்விலக்கங்களைத் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டினால் 10 வரும். ஐந்தால் வகுத்தால் 2. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.4. இதனைத் திட்ட விலக்கம் என்பர். சராசரி, கூட்டத்தின் நடுவிடத்தைக் காட்டும். திட்ட விலக்கம், கூட்டம் எவ்வளவு பரந்து நிற்கின்றது என்பதைக் காட்டும். இரண்டும் தெரிந்தால்தான் தனியொருவன் கூட்டத்தில் எங்கே நிற்கின்றான் என்பது விளங்கும்.

ஐந்து குழந்தைகளைக் கொண்டு உலகிற்கு அளவு வகுத்தல் இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்னும் ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை ஏறத்தாழ 8,500 குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்தது. அதனினின்றும் வகுக்கப்பெற்ற தலைச் சுற்றளவு அட்டவணை 2007 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி ஓராண்டு நிறைந்த ஆண் குழந்தையின் நடு அளவு 46.1 சென்டிமீட்டர், திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர். இரண்டு திட்ட விலக்கம் கீழே சென்றால் 43.5 சென்டிமீட்டர். நல்வாழ்வுடைய குழந்தைகள் ஆயிரவருள் ஏறத்தாழ இருபத்து மூவர் அக்கோட்டிற்குக் கீழே நிற்பர். கோட்டிற்குக் கீழே நிற்றலே நோயாகாது என்பது இதனால் பெறப்படும். அக்கோடு மருத்துவரை நோக்கி, "இக்குழந்தையை இன்னும் ஒருமுறை உற்று நோக்குக" என்று கூறும் அறிவிப்பே ஆகும்.

கோட்டினை எங்கே இடுவது என்பது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதைப் பிரேசில் நாட்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்தும். 2015 ஆம் ஆண்டில் அந்நாட்டில் சிகா என்னும் கொசுவழி நோய் பரவியது. கருவுற்ற தாய்மாரை அந்நோய் பற்றியதால், மூளை வளர்ச்சி குன்றிய சிறுதலைக் குழவிகள் பிறந்தன. தொடக்கத்தில், நிறைமாதத்தில் பிறந்த குழவியின் தலை 33 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆயின் ஐயத்திற்குரியது என்று அந்நாட்டு அரசு வரையறுத்தது. எவரையும் தவறவிடலாகாது என்பது அதன் நோக்கம். ஆனால் உலக அட்டவணையை நோக்கின், குறையொன்றும் இல்லாத ஆண் குழவிகளுள்ளும் நூற்றில் பத்துக்கு மேற்பட்டோர் அவ்வெல்லைக்குள் அடங்குவர். பெண் குழவிகளுள் இன்னும் மிகுதியானோர் அடங்குவர். நலமாகப் பிறந்த மகவைப் பெற்ற தாய்மாரும் கலங்கி மருத்துவமனை வாயிலில் நிற்க நேர்ந்தது. டிசம்பர் மாதத்தில் எல்லை 32 சென்டிமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2016 மார்ச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி எல்லைகள் வகுக்கப்பட்டன. கோட்டினை மேலே இட்டால் நலமுடையார் அஞ்சுவர். கீழே இட்டால் நோயுடையார் தப்பிவிடுவர். இரு பக்கத்துப் பிழையையும் எண்ணிப் பார்த்து நடுநிலை காண்பதே புள்ளியியலின் தொழில்.

ஒவ்வோர் அளவும் தனித்தனியே எல்லைக்குள் நின்றபோதும், தலை வடிவு பிறழ்ந்திருத்தல் கூடும். நீளம் மட்டும் சற்று மிகுந்த குழந்தைகள் பலர் உளர். அகலம் மட்டும் சற்றுக் குறைந்த குழந்தைகளும் பலர் உளர். நீண்ட தலை பெரும்பாலும் அகன்றும் இருக்கும். ஏனெனில் பெரிய தலையில் எல்லா அளவும் பெரியனவாதல் இயல்பு. நீளம் மிகவும், அகலம் குறையவும் ஒரே தலையில் காணப்படின் அஃது அரிய சேர்க்கை. அளவுகளைத் தனித்தனியே நோக்குவோர் அதனைக் காணார். சேர்த்து நோக்குவோரே காண்பர். இங்ஙனம் பல அளவுகளை, அவற்றிடையே உள்ள உறவையும் கணக்கில் கொண்டு, ஒரே தொலைவாகச் சுருக்கும் முறையை உலகிற்கு அளித்தவர் இந்தியர் ஒருவரே என்பது பெருமைக்குரிய செய்தியாகும்.

அவர் வங்கத்தில் 1893 ஆம் ஆண்டில் பிறந்த பிரசாந்த சந்திர மகலனோபிசு. கல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய அவரிடம், மக்களின் உடலளவுகள் அடங்கிய குறிப்புகள் ஆய்விற்காக ஒப்படைக்கப்பட்டன. அவற்றை ஆராயப் புகுந்தவர், இரு கூட்டத்தாரிடையே உள்ள வேற்றுமையைப் பல அளவுகளால் ஒருங்கே மதிப்பிடுவது எப்படி என்று சிந்தித்தார். 1931 ஆம் ஆண்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். 1936 ஆம் ஆண்டில் தம் முறையை முழுமையாக வெளியிட்டார். அது மகலனோபிசு தொலைவு என்று அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. அவர்தம் நிறுவனத்தில் பணிபுரிந்த சி. ஆர். ராவ், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த ஊவின ஃகடகலியில் 1920 ஆம் ஆண்டில் பிறந்தவர். சூடான் நாட்டில் செபல் மோயா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய எலும்புகளின் அளவுகளை அம்முறையால் ஆராய்வதற்காக அவர் 1946 ஆம் ஆண்டில் கேம்பிரிட்சு சென்றார். இறந்தோரின் எலும்புகளை ஆராயப் பயன்பட்ட அதே கணிதம், இன்று வாழவேண்டிய குழந்தைகளின் தலைவடிவை ஆராயவும் துணைசெய்கின்றது.

நீளம், அகலம் என்னும் சில அளவுகளோடு இக்கால ஆய்வு நின்றுவிடுவதில்லை. 1971 ஆம் ஆண்டில் இலண்டனில் நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக எடுக்கப்பட்ட சி.டி. படம், மண்டையின் உள்ளும் புறமும் காண வழிவகுத்தது. அதன் ஊடுகதிர் இளங்குழந்தைகளுக்கு மிகலாகாது என்பதால், பல கோணங்களில் ஒரே நொடியில் படம்பிடிக்கும் ஒளிப்படக் கருவிகளும் இப்போது பயன்படுகின்றன. படத்தில் மூக்கின் அடி, செவித்துளை போன்ற அடையாளப் புள்ளிகளைக் குறிப்பர். பின்னர்ப் பல குழந்தைகளின் உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு நகர்த்தி, திருப்பி, ஒரே பருமனுக்குக் கொணர்வர். எஞ்சி நிற்கும் வேறுபாடே வடிவின் வேறுபாடு. அவ்வுருவங்களின் சராசரியினின்று ஒரு குழந்தையின் தலை எவ்விடத்தில் எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் கணிப்பொறி வண்ணங்களால் தீட்டிக் காட்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த உருவங்களை ஒப்பிட்டு, எம்முறை நற்பயன் தந்தது என்பதையும் மருத்துவர் அறிகின்றனர்.

பயனை அளந்தறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று சான்றாகும். படுக்கையால் கோணிய தலையைத் திருத்தத் தலைக்கவசம் அணிவிக்கும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. ஐந்தாறு திங்கள் நிரம்பிய 84 குழந்தைகளை, மிகக் கடுமையான கோணலுடையோரை நீக்கி, சீட்டுக் குலுக்கினாற்போல இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் கவசம் அணிந்தனர். மற்றவர் இயற்கையின் போக்கில் விடப்பட்டனர். இரண்டு வயதில் மீண்டும் அளந்தபோது, முழுமையாகத் திருந்தியோர் கவசம் அணிந்தாருள் நூற்றுக்கு 26. அணியாதாருள் நூற்றுக்கு 23. இவ்வாய்வு 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கவசம் அணிந்த குழந்தையை மட்டும் கண்டவர், கவசமே திருத்தியது என்று துணிந்திருப்பர். அணியாத குழந்தையையும் அளந்து பார்த்ததால், வளர்ச்சியே திருத்தியது என்னும் உண்மை வெளிப்பட்டது. முதியோர் கூறிய "நாளடைவில் சரியாகிவிடும்" என்னும் தேறுதலில் எவ்வளவு மெய் உண்டு என்பதையும் அளவே காட்டிற்று. அதே அளவுதான், பொருத்துவாய் ஒட்டிய குழந்தைக்கு அத்தேறுதல் பொருந்தாது என்பதையும் காட்டுகின்றது.

உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் முறைக்குப் புரோக்ரசுடசு என்னும் பெயரை அறிஞர் இட்டுள்ளனர். அப்பெயர் கிரேக்கக் கதையில் வரும் கொடியோன் ஒருவனுடையது. வழிப்போக்கரைத் தன் வீட்டிற்கு அழைத்து, ஒரு கட்டிலில் கிடத்துவான். கட்டிலினும் குறுகியோரை இழுத்து நீட்டுவான்; நெடியோரின் காலை வெட்டுவான். எல்லாரும் ஓர் அளவிற்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அவன் முறை. இறுதியில் தீசியசு என்னும் வீரனால் மாண்டான். சராசரியைக் கையாள்வோர் யாவரும் இக்கதையை மறத்தலாகாது. சராசரித் தலை என்பது கணக்கில் பிறந்தது. அத்தலையோடு பிறந்த குழந்தை உலகில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குழந்தையும் சராசரியினின்று சிறிதேனும் விலகியே நிற்கும். அவ்விலக்கம் பெரும்பாலும் இயற்கையின் பன்மையே. அதனைத் திருத்தப் புகுதல் அக்கொடியோனின் கட்டிலை விரிப்பதாகும். சில வேளைகளில் அவ்விலக்கம், இடமின்றித் தவிக்கும் இளமூளையின் ஓலமாக இருக்கும். அதனைக் கேளாது விடுதல் பெரும்பிழையாகும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் விளக்கே புள்ளியியல்.

பள்ளியில் சராசரியும் வர்க்கமூலமும் பயிலும் மாணவர், இவை தேர்வுக்கு மட்டும் உரியன என்று எண்ணுதல் கூடும். எங்கோ ஒரு மருத்துவமனையில், தாயின் மடியில் கிடக்கும் குழவியின் தலையை நாடாவால் சுற்றி, அட்டவணையில் ஒரு புள்ளி இடுகின்றார் செவிலியர். அப்புள்ளி முன்னைப் புள்ளிகளோடு சேர்ந்து ஒரு கோடாகின்றது. அக்கோட்டின் போக்கைக் கண்டு மருத்துவர், "அஞ்ச வேண்டுவதில்லை" என்றோ, "காலந்தாழ்த்தலாகாது" என்றோ கூறுகின்றார். அவ்விரு சொற்களுள் உரியது எது என்பதை அறியும் ஆற்றலை எண்ணே அளிக்கின்றது. எண்ணின் நுட்பத்தோடு நெஞ்சின் ஈரமும் சேரும்போதுதான் அளவுகோல் குழந்தைக்குக் காவலாகின்றது.